நியூசிலாந்து போகும் ஆட்டோ

வேலுத்தாய் பெரியம்மா உட்கார்ந்து ஜெயப்பிரியா பார்த்ததே இல்லை.

காலையில் ஆடுகளைப் பத்திக்கொண்டு கிளம்பினால், கோவில்பட்டியின் கடைசித் தெருவைத் தாண்டிக் கரிசல் காட்டில் பொழுது சாயும்வரை நடைதான். வீட்டுக்கு வந்த பிறகும் நின்றுகொண்டே சாப்பிடுவார். நின்றுகொண்டே டி.வி. பார்ப்பார். "சித்த நேரம் உட்காருங்களேன் பெரியம்மா" என்றால், "உட்கார்ந்தா காலு மரத்துப்போவும்ட்டி" என்பார்.

அப்படிப்பட்டவர் அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம், சோலைராஜ் அண்ணாச்சியின் ஜெராக்ஸ் கடை வாசலில் கிடந்த ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார்.

"அண்ணாச்சி, இன்னொரு தடவ வாசிங்க" என்றார். 

அண்ணாச்சி, அப்போதுதான் அச்செடுத்த விமான டிக்கெட்டை மூக்குக் கண்ணாடிக்கு அருகே பிடித்தார்.

"சென்னையில ஏறி சிங்கப்பூர்ல இறங்குதீங்க. அது கிட்டத்தான். சிங்கப்பூர்ல ராத்திரி எட்டு மணிக்கு அடுத்த விமானம். மறுநாள் காலைல பத்து மணிக்கு ஆக்லாந்து போய்ச் சேருது."

பெரியம்மா விரல்களை மடக்கி எண்ண ஆரம்பித்தார். ஒரு கை முடிந்தது. அடுத்த கையும் முடிந்தது. மறுபடி முதல் கைக்கு வந்து, நாலாவது விரலில் நின்றார்.

"பதினாலு மணி நேரம்!"

"ஆமா, பதினாலுதான் வருது" என்றார் அண்ணாச்சி.

"சுகுணா பத்து மணி நேரம்னுல்லா சொன்னா!"

சுகுணா, பெரியம்மாவின் ஒரே மகள். நியூசிலாந்து நாட்டில் ஆக்லாந்து என்ற ஊரில் நர்ஸாக வேலை பார்க்கிறாள். அடுத்த மாதம் அவளுக்குக் குழந்தை பிறக்கப்போகிறது. அவள் கணவருக்குக் கப்பலில் வேலை. குழந்தை பிறக்கும் நேரத்தில் அவர் எந்தக் கடலில் இருப்பார் என்று அவருக்கே தெரியாது. அதனால்தான் அம்மாவை வரச்சொல்லி டிக்கெட் எடுத்திருந்தாள்.

"சிங்கப்பூர்ல இருந்து பத்து மணி நேரம்தாம்மா. நம்ம ஊர்ல இருந்து சென்னைக்கு ரயில்ல போற நேரம்தான்" என்று அவள் சொன்னதை நம்பித்தான் பெரியம்மா சம்மதித்திருந்தார்.

பெரியம்மா எழுந்தார். டிக்கெட்டை நாலாக மடித்து ஜெயப்பிரியாவின் கையில் வைத்தார்.

"பெத்தவகிட்டயே பொய் சொல்லிட்டா பாரு. எப்படியாவது என்னய ஏத்திவிட்டாப் போதும்னு நெனச்சிருக்கா. பதினாலு மணி நேரம் ஒரு பெட்டிக்குள்ள அடச்சு வச்சா, பாதி உசுருதான் அங்கன இறங்கும். நான் போகல. நாளைக்கு அவ பேசும்போது சொல்லிருதேன்."

சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்தார். ஜெயப்பிரியா பின்னாலேயே ஓடவேண்டியிருந்தது.

ஓடிக்கொண்டே யோசித்தாள். சுகுணா அக்கா பொய் சொல்கிறவள் இல்லை. பள்ளியில் படிக்கும்போது ஹாக்கிப் பந்தை அடித்து எதிர்வீட்டு ஜன்னலை உடைத்துவிட்டு, யாரும் கேட்பதற்கு முன்னால் தானே போய்ச் சொன்னவள். டிக்கெட்டும் பொய் சொல்லாது. அப்படியானால் நடுவில் நாலு மணி நேரம் எங்கிருந்து வந்து உட்கார்ந்துகொண்டது?

'அதைக் கண்டுபிடிக்காமல் விடப்போவதில்லை' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். அவள் ஆறாம் வகுப்பு. பிடித்தால் பிடித்த பிடிதான்.

அன்று இரவு வீட்டில் எல்லோரிடமும் கேட்டாள்.

"ஆடிக் காத்து எதுத்து அடிக்கும்ல, அதான் நேரமாகும்" என்றார் அப்பா லிங்கராஜ். அவர் ஆட்டோ ஓட்டுகிறவர். காற்றோடு தினமும் மல்லுக்கு நிற்கிறவர்.

"நடுவுல எங்கயாச்சும் டீ குடிக்க நிப்பாட்டுவாங்க" என்றான் தம்பி இசக்கிராஜா. அவன் மூன்றாம் வகுப்பு.

"திங்கக்கிழமை டீச்சர்ட்ட கேளு" என்றார் அம்மா.

திங்கட்கிழமை வரை பெரியம்மா பொறுக்கமாட்டாரே!

மறுநாள் சனிக்கிழமை. உச்சி வெயில். பெரியம்மா வீட்டு வேப்பமரத்தின் நிழலில் ஆடுகள் இடித்துக்கொண்டு படுத்திருந்தன. ஜெயப்பிரியா போனைப் பிடித்துக்கொள்ள, பெரியம்மா நின்றபடியே வீடியோவில் பேசினார்.

"நான் எதுக்கும்மா பொய் சொல்லப்போறேன்?" என்றாள் சுகுணா. "பத்து மணி நேரம்தான். ரெண்டு ஊருக்கும் மணி வேற வேறம்மா."

"மணி எல்லா ஊர்லயும் மணிதான். கோவில்பட்டியில ஒரு மணின்னா எட்டயபுரத்துல ரெண்டு மணியாவா இருக்கும்?"

சுகுணாவின் முகம் வாடிப்போயிற்று. "சரிம்மா. உங்களுக்கு முடியலன்னா வேண்டாம். இங்கன நான் பாத்துக்கிடுதேன்" என்றாள். சொல்லிவிட்டுச் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். புறங்கையால் கண்ணைத் துடைப்பது தெரிந்தது.

அவள் திரும்பியபோது, பின்னால் இருந்த ஜன்னல் ஜெயப்பிரியாவின் கண்ணில் பட்டது. ஜன்னலுக்கு வெளியே கும்மிருட்டு. தூரத்தில் ஒரு தெருவிளக்கு எரிந்துகொண்டிருந்தது.

ஜெயப்பிரியா தலையை உயர்த்திப் பார்த்தாள். இங்கே சூரியன் உச்சந்தலையில் நின்றது.

"அக்கா! அங்கன இப்ப மணி என்ன?"

"ஏழு. ராத்திரிச் சாப்பாட்டுக்கு உலை வச்சிருக்கேன்."

"டிக்கெட்ட கேன்சல் பண்ணிராதீங்கக்கா. ரெண்டு நாள் பொறுங்க. நான் சொல்லுதேன்!"

போனை வைத்ததும் பெரியம்மா, "என்னட்டி இவ, பட்டப்பகல்ல ராத்திரிச் சாப்பாடுங்கா?" என்றார்.

"நீங்க ஜன்னலப் பாக்கலையா?"

"நான் எதுக்கு ஜன்னலப் பாக்கேன்? எம்மவ மொகத்தத்தான் பாத்தேன்."

ஜெயப்பிரியா வீட்டுக்கு ஓடினாள். அம்மாவின் போனில் சிங்கப்பூர் நேரம் என்ன என்று தேடினாள். மூன்று மணி என்று காட்டியது. சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தைக் கழற்றினாள். தம்பியின் அலாரம் கடிகாரத்தையும் எடுத்துக்கொண்டாள். "ஏய், அது என்னுது!" என்று இசக்கிராஜா பின்னாலேயே ஓடிவந்தான்.

இரண்டு கடிகாரங்களையும் பெரியம்மா வீட்டு வேப்பமரத்தடிக் கட்டிலில் வைத்தாள். சுவர்க் கடிகாரத்தின் முள்ளை மூன்றில் வைத்தாள். அலாரம் கடிகாரத்தை ஏழில் வைத்தாள்.

"பெரியம்மா, பெரிய கடிகாரம் சிங்கப்பூர். சின்னது ஆக்லாந்து. சூரியன் ஆக்லாந்துக்கு முந்தியே போயிட்டு, பெறவுதான் சிங்கப்பூருக்கு வருது. அதுக்கும் பெறவுதான் நம்ம ஊரு. அதனால ஆக்லாந்து எப்பவும் சிங்கப்பூர விட நாலு மணி நேரம் முந்திதான் ஓடும்."

"சரி, ஓடட்டும்."

"இப்ப நீங்க சிங்கப்பூர்ல ராத்திரி எட்டு மணிக்கு விமானம் ஏறுதீங்க." பெரிய கடிகாரத்தின் முள்ளை எட்டுக்குத் திருகினாள். "நான் அஞ்சு மணி நேரம் தள்ளிட்டேன். நீங்க ஆக்லாந்தையும் அஞ்சு மணி நேரம் தள்ளுங்க."

பெரியம்மா தயங்கித் தயங்கிச் சின்ன கடிகாரத்தைத் திருகினார். எட்டு, ஒன்பது, பத்து, பதினொன்று...

"பன்னண்டு."

"ஆங்! நீங்க ஏறும்போதே அங்கன பன்னண்டு ஆயிருச்சு. இறங்கும்போது அங்கன பத்து. இப்ப எண்ணுங்க."

பெரியம்மா விரலை மடக்கினார். ஒரு கை முடிந்தது. அடுத்த கையில் கடைசி விரலை மடக்கியதும் நின்றுவிட்டார். மறுபடி ஒரு தடவை முதலில் இருந்து எண்ணினார்.

"ரெண்டு கையோட முடிஞ்சுபோச்சேட்டி!"

"ஏறும்போது சிங்கப்பூர் மணியப் போட்டிருக்காங்க. இறங்கும்போது ஆக்லாந்து மணியப் போட்டிருக்காங்க. அக்காவும் பொய் சொல்லல, டிக்கெட்டும் பொய் சொல்லல."

பெரியம்மா கட்டிலின் மேல் குனிந்தார். இரண்டு கடிகாரங்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எம்புள்ளைய வாய்க்கு வந்தபடி பேசிட்டேனே" என்றார் மெதுவாக.

"அப்ப போறீங்கதானே?"

பெரியம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஒங்கிட்ட சொல்லுததுக்கு என்ன. பத்து மணி நேரமும் உட்காரணும்லட்டி? அதான் எனக்குப் பயம். சென்னை ரயில்ல காலை நீட்டிப் படுத்துக்கிட்டேன். கதவுகிட்ட போயி நின்னேன். விமானத்துல பெல்ட்டப் போட்டுக் கட்டிருவாங்களாமே? நடக்கச் சொல்லு, நடந்து போயிருதேன்."

"நடந்தா எத்தனை நாளாகும்னு பாப்போமா?" என்றான் இசக்கிராஜா ஆவலாக.

ஜெயப்பிரியாவுக்கும் ஆசை வந்துவிட்டது. "சிங்கப்பூர் விமான நிலையத்துல இருந்து ஆக்லாந்து விமான நிலையத்துக்கு எட்டாயிரத்து நானூறு கிலோமீட்டர். ஆடுகளப் பத்திக்கிட்டு நீங்க ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் போவீங்க பெரியம்மா?"

"பசுவந்தனை வரைக்கும் போவேன். அங்கனதான் போன வருசம் ராத்திரி ஆடுகள மடக்கிக் கிடை போட்டோம்."

பசுவந்தனைக்கு இருபது கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டு ஜெயப்பிரியா மண்ணில் குச்சியால் கணக்குப் போட்டாள்.

"ஒரு வருசத்துக்கும் மேல ஆகும்."

"அதுக்குள்ள பாப்பா நடக்க ஆரம்பிச்சிரும்" என்றான் இசக்கிராஜா. "நடுவுல கடல் வேற இருக்கு."

பெரியம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜெயப்பிரியா அவரை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துப் பார்த்தாள். "எழுந்திருக்கக் கூடாது, சரியா?" என்றாள். பெரியம்மா சரி என்றார். சோறு பொங்கும் நேரம்கூட ஆகவில்லை, தண்ணீர் குடிக்க எழுந்தார். இரண்டாவது முறை வாசலில் யாரோ போனார்கள் என்று எழுந்தார். மூன்றாவது முறை ஓர் ஆடு தும்மியது. எழுந்துவிட்டார்.

"விடுட்டி. இது ஆகுற காரியம் இல்ல" என்று நாற்காலியைத் தூக்கிச் சுவர் ஓரமாக வைத்தார்.

ஜெயப்பிரியா விடவில்லை. அன்று சாயங்காலம் வாசலில் நின்று யோசித்துக்கொண்டிருந்தபோது, அப்பாவின் ஆட்டோ வந்து நின்றது. பின் சீட்டில் மூன்று பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்த மாமாவால் அசையக்கூட முடியவில்லை. அவர் இறங்கவேண்டுமானால் பக்கத்தில் இருப்பவர் முதலில் இறங்கவேண்டும்.

"அப்பா!" என்று கத்தினாள் ஜெயப்பிரியா. "நாளைக்கு நம்ம ஆட்டோ எனக்கு வேணும்!"

"எதுக்கு?"

"நியூசிலாந்து போறதுக்கு."

அப்பா விவரத்தைக் கேட்டார். "ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வரைக்கும் நான் தூங்கத்தான் செய்வேன். எடுத்துக்கோ" என்றார். "ஆனா நான்தான் பைலட்டு. எங்க தூங்கினா என்ன? முன் சீட்டுல தூங்கிக்கிடுதேன்."

இரவே ஜெயப்பிரியா சுகுணா அக்காவுக்குக் குரலைப் பதிந்து ஒரு கேள்வி அனுப்பியிருந்தாள். விடிவதற்குள் பதில் வந்துவிட்டது. 'பெல்ட் போடச் சொல்லும் விளக்கு அணைந்துவிட்டால் எழுந்துகொள்ளலாம். சீட்டுகளுக்கு நடுவே பாதை இருக்கும். அதில் நடக்கலாம். யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள்.'

"நடக்கலாமா?" என்று பெரியம்மா இரண்டு தடவை கேட்டார். "முன்னயே சொல்லக்கூடாதா?"

"முழுசும் கட்டிப்போடுவாங்கன்னு நீங்க நினைச்சது அக்காவுக்கு எப்படித் தெரியும்?"

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு விமானம் கிளம்பியது. அதாவது, ஆட்டோ வேப்பமரத்தடியில் அப்படியே நின்றது. நடுவில் பெரியம்மா. ஒரு பக்கம் ஜெயப்பிரியா. மறுபக்கம் இசக்கிராஜா. மூன்று பேரையும் சேர்த்து அப்பாவின் நீளத் துண்டு பெல்ட்டாகக் கட்டியிருந்தது. முன் சீட்டில் பைலட் குறட்டை விட்டார். ஆடிக் காற்று ஆட்டோவைப் பிடித்து ஆட்டியது.

"விமானம் குலுங்குது" என்றான் இசக்கிராஜா.

ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஒரு தடவை ஜெயப்பிரியா, "விளக்கு அணைஞ்சிருச்சு!" என்பாள். துண்டை அவிழ்த்து மூன்று பேரும் இறங்குவார்கள். தெருக்கோடித் தண்ணீர்த் தொட்டிவரை நடந்துவிட்டுத் திரும்பி வந்து ஏறிக்கொள்வார்கள். அம்மா தட்டில் இட்லி கொண்டுவந்து நீட்டினார். பெரியம்மா வாழ்க்கையிலேயே முதல்முறையாக உட்கார்ந்து சாப்பிட்டார்.

முதல் இரண்டு மணி நேரம் பெரியம்மா நெளிந்துகொண்டே இருந்தார். காலை மாற்றினார். பெருமூச்சு விட்டார். "இன்னும் எவ்வளவு இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

அப்போது கையில் பையோடு ஒருவர் வேகமாக வந்தார். தூங்கிக்கொண்டிருந்த அப்பாவின் தோளைத் தட்டினார்.

"அண்ணாச்சி, பஸ் ஸ்டாண்டு வருமா?"

அப்பா எழவில்லை. இசக்கிராஜா தலையை வெளியே நீட்டினான். "வராது மாமா. இது நியூசிலாந்து போகுது."

அவர் குனிந்து உள்ளே பார்த்தார். துண்டால் கட்டப்பட்டு வரிசையாக உட்கார்ந்திருந்த மூன்று பேரையும் பார்த்தார்.

"அப்ப சரி. நான் டவுன் பஸ்லயே போயிக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டு, வந்ததைவிட வேகமாகப் போய்விட்டார்.

பெரியம்மாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்த சிரிப்பில் ஆட்டோவே ஆடியது. அதற்குப் பிறகு 'இன்னும் எவ்வளவு இருக்கு' என்று கேட்பது குறைந்தது.

நண்பகலில்தான் சோதனை வந்தது. செவலை என்ற பழுப்பு நிற ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு, பக்கத்து வீட்டுச் சுவரைத் தாண்டிக் குதித்தது.

"ஏ வேலுத்தாயக்கா! ஒங்க ஆடு என் முருங்கக் கண்ணத் திங்குது!" என்று பக்கத்து வீட்டு முத்துசெல்வி அத்தை கூப்பாடு போட்டார்.

பெரியம்மாவின் கை துண்டு முடிச்சுக்குப் போயிற்று.

ஜெயப்பிரியா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். "பெரியம்மா, நாம கடல் மேல போயிட்டிருக்கோம்."

"ஏட்டி, செவல முழுசையும் தின்னுரும்!"

"நீங்க ஆக்லாந்துல இருக்கும்போது செவல கயித்த அறுத்தா யாரு பிடிப்பா? நாங்கதானே பிடிக்கணும்? ராஜா, நீ போலே!"

"கடல் மேல இருந்து நான் எப்படி இறங்குதது?"

"பாராசூட்ல போ!"

இசக்கிராஜா துண்டுக்கு அடியில் நுழைந்து வெளியே குதித்து ஓடினான். சுவருக்கு அந்தப் பக்கம் தடதடவென்று சத்தம். "ஐயோ!" என்று அவன் குரல். பிறகு ஏதோ பாத்திரம் உருண்டது.

"கயித்தப் பிடிச்சு இழுக்காதலே!" என்று பெரியம்மா கத்தினார்.

"விமானத்துல இருந்து கத்தினா அவனுக்குக் கேக்காது பெரியம்மா" என்றாள் ஜெயப்பிரியா. அவளுக்கும் இறங்கி ஓடத்தான் தோன்றியது. ஆனால் பிடித்த கையை விடவில்லை.

பெரியம்மா உதட்டைக் கடித்துக்கொண்டார். எழ நினைப்பதும், துண்டைப் பார்ப்பதும், பல்லைக் கடித்து உட்காருவதுமாக இருந்தார்.

கொஞ்ச நேரத்தில் இசக்கிராஜா தெருவழியாக வந்தான். தலை முதல் கால்வரை கரிசல் புழுதி. ஒரு கையில் வேப்பங்குழை. அதைக் கடித்துக்கொண்டே செவலை சாதுவாக அவன் பின்னால் வந்தது. அவன் அதை மரத்தில் கட்டினான். இரட்டை முடிச்சுப் போட்டான். வந்து ஏறி உட்கார்ந்தான்.

"முருங்கக் கண்ணுல ரெண்டு இலைதான் போச்சு" என்றான்.

பெரியம்மா அவன் தலையில் இருந்த புழுதியைத் தட்டிவிட்டார். அந்த முடிச்சை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் இல்லாட்டாலும் பிடிச்சிருவியளோ" என்றார். பிறகு சீட்டில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். தோள் தளர்ந்தது. அடுத்த தடவை ஜெயப்பிரியா விளக்கு அணைந்ததாகச் சொல்லும்போது, பெரியம்மா தூங்கிப்போயிருந்தார்.

மாலை ஆறு மணிக்கு விமானம் இறங்கியது. பைலட்டும் எழுந்துகொண்டார்.

பெரியம்மா இறங்கி நின்று முழங்காலைத் தட்டிப் பார்த்தார். "மரத்துப்போகலையே!" என்று அதிசயப்பட்டார். உடனே போனைக் கேட்டார். ஆக்லாந்தில் அப்போது நள்ளிரவைத் தாண்டியிருந்தது. அக்காவை எழுப்பவேண்டாம் என்று ஜெயப்பிரியா குரல் பதியும் பொத்தானை அழுத்திக் கொடுத்தாள்.

பெரியம்மா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சுகுணா, நான் அம்மா பேசுதேன். நேத்து சொன்னத மனசுல வச்சுக்கிடாத தாயி. பத்து மணி நேரம்தான். வாரேன்."

இரண்டு வாரம் கழித்து, கோவில்பட்டி ரயில் நிலையத்தில் பெரியம்மா சென்னை ரயிலில் ஏறினார். விமானம் ஏற்றிவிட அப்பாவும் கூடப் போனார். ஜன்னல் கம்பி வழியாக ஜெயப்பிரியா கடைசி நிமிடம்வரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

"சிங்கப்பூர் விமான நிலையத்துல தமிழ்லயும் போர்டு இருக்குமாம். பஸ் போர்டு வாசிக்கிற மாதிரி வாசிச்சுக்கோங்க. தெரியாட்டா யாருகிட்டயாவது டிக்கெட்ட நீட்டுங்க. விளக்கு அணைஞ்சா நடங்க!"

"சரிட்டி, சரிட்டி. செவலைக்குத் தண்ணி வைக்க மறந்துராதீங்க."

விமானம் பறந்த அன்று ஜெயப்பிரியாவுக்குப் பள்ளியில் பாடமே ஏறவில்லை. அடுத்த நாள் அதிகாலை, ஆடுகளுக்குக் குழை ஒடித்துப் போட்டுக்கொண்டிருந்தபோது அம்மாவின் போன் அடித்தது. திரையில் பெரியம்மா. தலையில் குரங்குக் குல்லா. கழுத்துவரை கம்பளிச் சட்டை. பக்கத்தில் சுகுணா அக்கா வாயெல்லாம் பல்லாக நின்றாள்.

"பெரியம்மா! எப்படி இருந்துச்சு? உட்கார முடிஞ்சுதா?"

"எனக்கு ஒண்ணும் இல்லட்டி. எம்பக்கத்துல ஒரு பய இருந்தான். நம்ம மதுரைக்காரப் பய. படிக்கப் போறானாம். ரெண்டு மணி நேரத்துலயே நெளிய ஆரம்பிச்சுட்டான். மொகமெல்லாம் வேர்த்துப்போச்சு. பெறவு நான்தான் மணிக்கு ஒரு தடவ எழுப்பிக் கூட்டிட்டுப் போயி நடக்க வச்சேன். 'நீங்க அடிக்கடி விமானத்துல போவீங்களா அத்தை'ன்னு கேக்கான்!"

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நியூசிலாந்துக்கு இது ரெண்டாவது தடவன்னு சொன்னேன்."

அடுத்த மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. இரவுச் சாப்பாட்டுக்கு எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது மறுபடி போன் வந்தது. பெரியம்மாவின் கையில் வெள்ளைத் துணியில் சுற்றிய சின்னஞ்சிறு முகம். பெண் குழந்தை. கண்ணை இறுக மூடிக்கொண்டு, உலகத்தின் மேல் கோபம் வந்ததுபோல் இருந்தது.

"அவ அப்பாவப் போலவே மூக்கு" என்றார் அம்மா.

"வெள்ளிக்கிழமை பிறந்திருக்கா!" என்றார் அப்பா சந்தோஷமாக.

"இங்கன நடுராத்திரி தாண்டித்தான் பிறந்தா. சனிக்கிழமை ஆயிருச்சுல்லா" என்றார் பெரியம்மா.

"இங்க வெள்ளிதானே?"

"பிள்ளை பிறந்தது இங்கனயா அங்கனயா?"

இருவரும் விடுவதாக இல்லை. கடைசியில் எல்லோரும் ஜெயப்பிரியாவைப் பார்த்தார்கள்.

ஜெயப்பிரியா குழந்தையின் கோபமான முகத்தைப் பார்த்தாள். "அங்க அவளுக்குச் சனிக்கிழமை. இங்க நமக்கு வெள்ளிக்கிழமை. நாம இன்னைக்கு ஒரு தடவ கொண்டாடுவோம். நாளைக்கு அவகூடச் சேர்ந்து இன்னொரு தடவ கொண்டாடுவோம்" என்றாள்.

"அப்ப ரெண்டு நாளும் கடலை மிட்டாய்!" என்று இசக்கிராஜா எழுந்து குதித்தான்.

மறுநாள் காலை ஜெயப்பிரியாவும் தம்பியும் ஆடுகளைப் பத்திக்கொண்டு கரிசல் காட்டுக்குப் போனபோது, இருவர் சட்டைப் பையிலும் கடலை மிட்டாய் இருந்தது. செவலைக்கும் ஒரு துண்டு கிடைத்தது.